சியெனாவுக்கு இரண்டு மணி நேரம் போதுமா? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

செப்டம்பரில் அம்மாவுடன் இத்தாலி போகிறேன். ஃபிளாரன்ஸில் நான்கு நாள் தங்கல். அதில் ஒரு நாளை சியெனாவுக்கு வைத்திருக்கிறேன். பயணக் குழுவிலோ "சதுக்கத்தைப் பார், கோபுரத்தில் ஏறு, ஐஸ்கிரீம் சாப்பிடு, இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடலாம்" என்கிறார்கள். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. கோபுரம் ஏறாவிட்டால் பெரிதாக எதையாவது இழந்துவிடுவோமா? பேருந்தா, ரயிலா? ஜூலைக்கே பயணத்தை மாற்றி அந்தக் குதிரைப் பந்தயத்தையும் பார்த்துவிடலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

வி., ஈரோடு

அன்புள்ள வி.,

கோபுரத்தை விட்டுவிடலாம். அதன் அடியில் இருக்கும் நகர மன்றக் கட்டடத்தை விட்டுவிடக்கூடாது. உங்கள் பயணக் குழு இதைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறது.

பியாஸா டெல் காம்போ என்கிற அந்தச் சதுக்கம், 1287 முதல் 1355 வரை சியெனாவை ஆண்ட 'ஒன்பதின்மர்' ஆட்சியின் காலத்தில் உருப்பெற்றது. சதுக்கம் என்கிறோமே தவிர அது சதுரமே இல்லை. முறத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: மேல் விளிம்பு வளைந்து உயர்ந்திருக்கும், தரை சரிந்து வந்து நேரான விளிம்பில் முடியும். அந்த நேர் விளிம்பில் நிற்பதுதான் நகர மன்றம், பலாட்ஸோ பூப்ளிக்கோ. தரை முழுக்கச் செங்கல். வெள்ளை டிராவர்டைன் கல் பட்டைகள் அதை ஒன்பது பாகங்களாகப் பிரிக்கின்றன. ஆட்சியாளர்களின் எண்ணிக்கைதான் அது. ஒன்பதும் கட்டடத்தின் முன்னால் ஒரே இடத்தில் கூடுகின்றன. மழைநீர் வடிகாலும் அங்கேதான்.

கட்டடத்தை 1297இல் தொடங்கினார்கள். கீழ்த்தளம் கல், மேலே செங்கல். அதே ஆண்டில் ஒரு விதியும் வந்தது: காம்போவைப் பார்த்துக் கட்டப்படும் வீடுகளின் சன்னல்களில் சிறு தூண்கள் இருக்கவேண்டும், வெளியே நீட்டிக்கொண்டு மாடம் இருக்கக்கூடாது. ஃபோன்டே காயா நீரூற்றின் அருகில் நின்று நகர மன்றத்தின் சன்னல்களைப் பாருங்கள். பிறகு சுற்றியுள்ள மாளிகைகளைப் பாருங்கள், குறிப்பாக சான்செடோனி மாளிகையை. ஒரே குடும்பச் சாயல் தெரியும். ஒருவர் வரைந்த திட்டமல்ல, சட்டம் போட்டு வரவழைத்த ஒழுங்கு.

நீரூற்றில் இப்போது இருக்கும் சிற்பங்கள் 19ஆம் நூற்றாண்டுப் பிரதிகள். யாகோப்போ டெல்லா குவெர்ச்சா 1419இல் முடித்த மூலச் சிற்பங்கள், ஊரின் பெரிய தேவாலயத்துக்கு எதிரே உள்ள சாந்தா மரியா டெல்லா ஸ்காலாவில் (பழைய மருத்துவமனை, இப்போது அருங்காட்சியகம்) இருக்கின்றன. மலைமேல் இருக்கும் ஊருக்குத் தண்ணீர் வந்தது சுமார் 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கக் கால்வாய்கள் வழியாக.

இனி உள்ளே போகலாம். நகர மன்றத்தின் முற்றத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கு ஒரு வழி, கோபுரத்துக்கு ஒரு வழி. பெரும்பாலோர் செய்யும் பிழை இங்கேதான் நடக்கிறது. கோபுரத்துக்குச் சிறு குழுக்களாகத்தான் விடுவார்கள். அதனால் வரிசையில் காத்து நின்று, ஏறி இறங்கி, களைத்துப்போய், கடைசியில் ஓவிய அறைகளைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். நீங்கள் நேராக அருங்காட்சியகம் போங்கள். அது மேல்தளத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு மின்தூக்கி வசதி உண்டா என்று சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். ஓவியப் பராமரிப்புக்காகச் சில அறைகளை மூடிவைப்பதும் உண்டு. கிளம்புவதற்கு முன் நகராட்சித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய கூடத்தில் சிமோனே மார்ட்டினி 1315இல் வரைந்த மாதா. அதற்கு அடுத்த அறைதான் ஒன்பதின்மர் கூடிய இடம். அம்ப்ரோஜோ லோரென்ஸெட்டி 1338–39இல் அதன் மூன்று சுவர்களில் நல்லாட்சியையும் தீய ஆட்சியையும் வரைந்தார். சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் எதிரே நல்லாட்சியின் உருவகம், வலப்புறம் அதன் விளைவுகள், இடப்புறம் கொடுங்கோன்மை. இடச்சுவர் நிறையச் சிதைந்துவிட்டது.

எதிர்ச்சுவரில் நீதியின் தராசிலிருந்து இறங்கும் கயிற்றைக் கண்ணால் பின்தொடருங்கள். கீழே அமர்ந்திருக்கும் இணக்கம் என்ற பெண் அதைத் திரித்து, நிற்கும் 24 குடிமக்களிடம் கொடுக்கிறாள். அது கைமாறிக் கைமாறி, கறுப்பு வெள்ளை உடுத்த முதியவரிடம் போய்ச் சேருகிறது. கறுப்பும் வெள்ளையும் சியெனாவின் நிறங்கள், அந்த முதியவர் ஊரின் உருவகம். அந்தப் பெண்ணின் மடியில் தச்சரின் இழைப்புளி ஒன்று கிடக்கும். மேடுபள்ளத்தைச் சமன் செய்கிற கருவி. பலரும் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். வலச்சுவரில் நடனம், செருப்புக் கடை, பாடம் நடத்தும் ஆசிரியர், சாரத்தில் நின்று கட்டடம் எழுப்பும் கொத்தர்கள். ஊர்வாசலை நோக்கி ஒருவன், தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டை உள்ள கறுப்புப் பன்றியை ஓட்டி வருகிறான். அதே வாசலுக்கு மேலே 'பாதுகாப்பு' என்ற தேவதை பறக்கிறாள், கையில் ஒருவன் தொங்கும் தூக்குமரத்துடன். நல்லாட்சி என்றால் இதுவும் சேர்த்துத்தான் என்று மறைக்காமல் வரைந்திருக்கிறார். இந்த அறைக்கு மட்டும் முக்கால் மணி நேரம் கொடுங்கள்.

அம்மாவால் இன்னும் ஒரு மாடி ஏற முடிந்தால், பின்புறத் திறந்த மாடத்துக்குப் போங்கள். தெற்கே விரியும் வயல்மேடுகள் அங்கிருந்து தெரியும். வலச்சுவரில் பார்த்த நாட்டுப்புறத்தின் சாயல் அதில் இருக்கும். கோபுரத்தின் காட்சிக்கு இதுவே பாதி ஈடு.

கோபுரத்தில் 400க்கும் மேற்பட்ட படிகள், குறுகலானவை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறவேண்டும். மழை பெய்தால் மூடிவிடுவார்கள். முழங்கால் வலியோடு வேண்டவே வேண்டாம். நீங்கள் மட்டும் ஏறுவதானால் அம்மா காம்போவில் கோபுர நிழல் விழும் பக்கமாகத் தரையில் உட்கார்ந்திருக்கலாம், எல்லோரும் அப்படித்தான் உட்காருகிறார்கள். காப்பிக் கடை மேசையில் உட்கார்ந்தால், நின்று குடிப்பதைவிட விலை கூடும். நனைந்த செங்கல் சரிவு வழுக்கும். செருப்பு அதற்கேற்றதாக இருக்கட்டும்.

பேருந்தில் போங்கள். 'ராப்பிடா' என்று போட்ட விரைவு வண்டி சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் பழைய ஊரின் ஓரத்திலேயே இறக்கிவிடும். அங்கிருந்து காம்போ பத்து நிமிட நடை. ரயில் நிலையம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. எதிரே உள்ள வணிக வளாகத்திலிருந்து நகரும் படிகள் மேலே கொண்டுபோகும், ஆனால் அதற்குப் பிறகும் நல்ல தூரம் நடக்கவேண்டும். ஞாயிறன்று போகாதீர்கள், பேருந்துகள் குறைவு.

பந்தயத்துக்காக ஜூலைக்கு மாற்றுவது, அம்மாவோடு என்றால், தவறு. பாலியோ என்கிற அந்தக் குதிரைப் பந்தயம் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய இரு நாள்களில் நடக்கும். ஊரின் 17 பேட்டைகளில் பத்துப் பேட்டைகளின் குதிரைகள் மட்டும் ஓடும். காம்போவைச் சுற்றி மூன்று சுற்று, ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் நின்று பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் வழிகளை அடைத்தபின் பந்தயம் முடியும்வரை வெளியேற முடியாது, மணிக்கணக்காக வெயிலில் நிற்கவேண்டும், கழிப்பறையும் கிடையாது. சுற்றிலும் போட்டிருக்கும் இருக்கைகளும் சன்னல் இடங்களும் காசு, அதுவும் பெரிய காசு. பந்தயத்துக்குச் சில நாள் முன்பே சுற்றுப்பாதையில் மண்ணைக் கொட்டிவிடுவார்கள், பலகை இருக்கைகளும் வந்துவிடும். கட்டடங்களைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அந்த வாரங்களைத் தவிர்ப்பதே சரி. செப்டம்பரே இருக்கட்டும்.