வாக்கி டாக்கியும் சிமுலேட்டரும்: சேலத்து நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

பயிற்சிச் சிமுலேட்டர்களில் குரலும் ரேடியோவும் எப்படி ஓடுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

அம்மாபேட்டை, கல்லூரி மாணவர்: ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பயிற்சிக்கு நாலு கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் செய்கிறோம் அண்ணா. குரலுக்கு ஒரு குரூப் கால் போதாதா?

போதாது தம்பி. குரூப் காலில் நாலு பேர் சேர்ந்து பேசினாலும் நாலும் காதில் விழும். ரேடியோவில் பட்டனை அழுத்தியவர் பேச, மற்றவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் எஃப்.எம். முறையில் ஓடும் வாக்கி டாக்கி செட்டில் பலமான சிக்னல் ஜெயிக்கும், மற்றவர் பேசியது சுவடே இல்லாமல் போகும். விமானங்கள் பேசும் ஏ.எம். முறையில் இரண்டும் மோதி 'கீச்' என்று கத்தும். தான் சொன்னது போய்ச் சேரவில்லை என்பதை ஓட்டுநர் பயிற்சியிலேயே பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

ஓமலூர்: வேறு வேறு கம்பெனி சிமுலேட்டர்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன?

டி.ஐ.எஸ். (டிஸ்ட்ரிபியூட்டட் இன்டராக்டிவ் சிமுலேஷன்) என்ற பொது நெறி இருக்கிறது; ஐ.ட்ரிபிள்.ஈ. என்ற பொறியாளர் அமைப்பின் 1278-ஆம் எண் தரம் அது. நடுவில் சர்வர் கிடையாது. தண்டோரா போடுவது மாதிரிதான்: அடிப்பவர் அடிப்பார், கேட்பதும் கேட்காததும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு ரேடியோவும் 'என் ஆன்டெனா இங்கே, அலைவரிசை இது, பவர் இவ்வளவு, இப்போது பேசுகிறேன்' என்று ஒரு டிரான்ஸ்மிட்டர் பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் சின்னத் தகவல் பொட்டலம்) அனுப்பும். குரல் தனியாக சிக்னல் பாக்கெட்டில் வரும். தனக்குக் கேட்குமா என்று கணக்குப் போடுவது வாங்குகிற பக்கத்தின் வேலை.

அந்தக் குரலைப் பழைய தொலைபேசித் தரத்தில் அனுப்பினால், நொடிக்கு 8,000 சாம்பிள் (ஒலியை அளந்தெடுத்த புள்ளி), ஒவ்வொன்றும் 8 பிட் என்றால் நொடிக்கு 64 கிலோபிட். 20 மில்லி நொடிக்கு ஒரு பாக்கெட் என்று வைத்தால் அதில் 160 பைட் குரல், அதன்மேல் எந்த ரேடியோவின் குரல் என்பது போன்ற விவரம் சொல்லும் 32 பைட் தலைப்பு.

அஸ்தம்பட்டி: லேப் வைஃபையில் குரல் வெட்டி வெட்டி வருகிறது.

கேபிள் போடுங்கள். எல்லோருக்கும் பொதுவாகப் போகும் பாக்கெட் வைஃபையில் தொலைந்தால், அதை மறுபடி அனுப்ப ஆளில்லை. கேபிளிலும் தடுமாறினால், வாங்கும் பக்கத்தில் இரண்டு மூன்று பாக்கெட் சேர்த்து வைத்து ஒலிக்கவிடுங்கள். ரொம்பச் சேர்த்தால் பேச்சு பிந்தும். 150 மில்லி நொடியைத் தாண்டவிடாதீர்கள்.

ஏற்காடு, ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) அன்பர்: மலையைச் சிமுலேட்டருக்குள் கொண்டுவர முடியுமா?

இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேலம் சுமார் 280. வித்தியாசம் ஏறக்குறைய 1,200 மீட்டர். மீட்டரில் உள்ள அந்த உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம், அதாவது குறுக்கே தடை இல்லாவிட்டால் சிக்னல் எட்டும் தூரம், கிலோமீட்டரில் கிடைக்கும்: சமவெளி நோக்கி 140 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். உச்சியில் நிற்பவர் ராஜா. ஆனால் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றின் உள்மடிப்பில் வண்டி நின்றால், கீழே நாலே கிலோமீட்டரில் இருக்கும் ஆளுக்கும் கேட்காமல் போகலாம். மலையே குறுக்கே நிற்கிறதே! அதனால் இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவே நில உயரத்தைப் புள்ளி புள்ளியாகப் பார்த்து, சிக்னல் இழப்பைக் கணக்கிட வேண்டும்.

இதில் நானே பட்ட பாடு ஒன்று. ஒரு பயிற்சிக் கூடத்தில் எல்லை தாண்டியதும் குரல் சட்டென்று நிற்கும்படி அமைத்துவிட்டேன். பயிற்சி பெற்றவர் பேட்டரி போய்விட்டது என்று செட்டைக் கழற்ற ஆரம்பித்தார். நிஜத்தில் முதலில் இரைச்சல் ஏறும், சொற்கள் பாதி பாதியாகும், பிறகுதான் அடங்கும். அந்தப் பாதிச் சொல் கட்டத்தில்தான் 'நான் மேலே ஏறிப் பேசுகிறேன்' என்று சொல்லப் பழக வேண்டும்.

சூரமங்கலம்: பேசும்போது அழுத்தும் பட்டனுக்கு கீபோர்டு ஸ்பேஸ் பாரை வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பழைய ரேடியோ செட்டின் கைமைக் (கையில் பிடித்துப் பேசும் மைக்) ஒன்றை வாங்கி அதன் பட்டனை இணையுங்கள். அழுத்திய உடனே பேசி, முதல் சொல்லை விழுங்கும் பழக்கம் அப்போதுதான் போகும்.

மறுபடி அம்மாபேட்டை: பயிற்சி முடிந்ததும் 'நான் சொன்னேன்', 'நீ சொல்லவில்லை' என்று சண்டை அண்ணா.

அறையின் ஒலியைப் பதியாதே தம்பி, பாக்கெட்டுகளை நேரத்தோடு பதிந்து வை. அப்புறம் ஒவ்வொரு ரேடியோவின் காதிலிருந்தும் தனித்தனியாகப் போட்டுக் காட்டலாம். அவர் சொன்னதும் நிஜம், இவருக்குக் கேட்காததும் நிஜம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும்.