சென்னை–லண்டன் எத்தனை கிலோமீட்டர்? விமான தூரமும் நேரமும்: கேள்வி-பதில்

கே: சென்னை–லண்டன் விமான தூரத்தை வீட்டிலேயே கணக்கிட முடியுமா?

தாராளமாக. சைன், காஸ் பொத்தான் உள்ள கால்குலேட்டர் இருந்தால் போதும். அது டிகிரி முறையில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கம் வடக்கு 12.99, கிழக்கு 80.17 டிகிரியில் இருக்கிறது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் வடக்கு 51.47, மேற்கு 0.45. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது: 80.62.

இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கினால் 0.176. அவற்றின் காஸ்களைப் பெருக்கி, அதை 80.62-இன் காஸாலும் பெருக்கினால் 0.099. கூட்டினால் 0.275. எந்தக் கோணத்துக்கு இந்த காஸ் மதிப்பு வரும்? 74 டிகிரிக்கு. பூமியின் மேல் ஒரு டிகிரி 111.2 கி.மீ. ஆக, சுமார் 8,230 கி.மீ. பூமி சரியான உருண்டை இல்லை என்பதால் கொஞ்சம் முன்பின் இருக்கும். பயணிக்கு அது பொருட்டில்லை.

கே: மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் 9 மணி நேரம்தானே வருகிறது? டிக்கெட்டில் கூடுதலாகப் போடுகிறார்களே?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து, அங்கே போய் நிற்கும் வரை எல்லாம் சேர்த்தி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, வரிசையில் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். வகுத்து வந்த விடையோடு நான் முக்கால் மணி நேரம் சேர்த்துக்கொள்வேன். மேற்கே போகும் நீண்ட பயணம் என்றால் இன்னும் ஒரு மணி நேரம்.

கே: திரும்பி வரும்போது நேரம் குறைகிறதே, பூமி சுழல்வதாலா?

இல்லை. பூமியோடு சேர்ந்து காற்றும்தான் சுழல்கிறது. உண்மையான காரணம் ஜெட் ஸ்ட்ரீம்: விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக் காற்று. 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஆறரை, ஏழு மணி நேரம் பிடிக்கும். சென்னை–சிங்கப்பூர் மாதிரி வெப்பமண்டலத்துக்குள்ளேயே போய்வரும் பயணத்தில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

கே: என் மகள் குளிர்காலத்தில் டோக்கியோவில் ஞாயிறு மாலை 5 மணிக்குக் கிளம்பி, அதே ஞாயிறு காலை 10 மணிக்கு லாஸ் ஏஞ்சலஸில் இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழையில்லை, அம்மா. இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். டோக்கியோ 9 மணி நேரம் முன்னால். எனவே கிளம்புவது ஞாயிறு காலை 8. லாஸ் ஏஞ்சலஸ் குளிர்காலத்தில் 8 மணி நேரம் பின்னால். எனவே இறங்குவது ஞாயிறு மாலை 6. பயணம் சரியாக 10 மணி நேரம். நடுவில் தேதிக்கோட்டைத் தாண்டுவதால் நாள் மாறவில்லை.

கே: தூரம் மாறாமல் பயண நேரம் மட்டும் கூடுமா?

கூடும். ஊர்களுக்கு இடையிலான நேர்தூரம் அதேதான், ஆனால் விமானம் சுற்றிப் போக வேண்டி வரலாம். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரத்தை எட்டியது. இணைப்பு விமானம் பிடிக்கவேண்டியவர்கள் கிலோமீட்டரை நம்பாமல், தாங்கள் போகும் மாதத்தின் அட்டவணையைப் பார்த்தே பதிவு செய்யுங்கள்.