ஓர் அறிக்கையில் சாதாரணம், மற்றதில் கூடுதல்: எதை நம்புவது?

கேள்வி: கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். வயது 39, உயரம் 154 சென்ரிமீற்றர், நிறை 66 கிலோ. கோட்டையில் அலுவலக வேலை. அம்மாவுக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம். எனக்குக் கடந்த மாதம் வெறுவயிற்றுச் சீனி 104 என்று வந்தது. அறிக்கை அதைச் சாதாரணம் என்றது. சந்தேகத்தில் வேறோர் ஆய்வுகூடத்தில் பார்த்தேன். அங்கே 106, பக்கத்தில் ‘கூடுதல்’ என்று குறி. எச்பிஏ1சி 6.1. அலுவலகத்துக்கு இலவசப் பரிசோதனை செய்ய வந்த ஒருவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, “சீனி வருத்தம் தொடங்கிவிட்டது” என்று சொல்லி, மூன்று மாதத்தில் முற்றாகக் குணமாக்கும் மூலிகைப் பொடிக்கு 18,500 ரூபாய் கேட்கிறார். 5,000 ரூபாய் முற்பணம் கொடுத்துவிட்டேன். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகம். முன்பு இரும்புச்சத்துக் குளிசை எடுத்திருக்கிறேன். இரவில் சோற்றை விட்டுப் பாண் சாப்பிடுகிறேன். பொடியை எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். மிச்சப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். உங்கள் இலக்கங்களை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு நீரிழிவு இல்லை. வெறுவயிற்றில் 126ஐத் தொட்டால்தான் நீரிழிவு. சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியில் அந்த எல்லை 6.5 வீதம். அறிகுறி ஒன்றும் இல்லாதவருக்கு அதையும் ஒரே சோதனையை வைத்து முடிவு செய்வதில்லை.

இரண்டு அறிக்கைகளும் முரண்படுவதுபோல் தெரிவதற்குக் காரணம் உங்கள் இரத்தம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 110 முதல் 125 வரை இருப்பதை நீரிழிவுக்கு முந்திய நிலை என்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அந்தக் கோட்டை 100இல் போடுகிறது. முதல் ஆய்வுகூடம் ஒன்றை அச்சடித்திருக்கிறது, இரண்டாவது மற்றதை. 104க்கும் 106க்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்குப் பொருளே இல்லை; இன்றைக்கும் நாளைக்கும் இடையில் அவ்வளவு மாறும். ஒரே நகரத்தில் இரண்டு கோடுகளை அச்சடித்துச் சனங்களைக் குழப்புகிறோமே என்று கவலைப்பட எவருக்கும் நேரமில்லை. அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அதை வாசித்து விளக்க ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் பொடிக்காரர் கதிரை போட்டு உட்காருகிறார்.

அவருடைய கணக்கைப் பாருங்கள். விரலில் குத்திப் பார்க்கும் மானி வீட்டில் நோயைக் கண்காணிப்பதற்கு உரியது. நூற்றுக்குப் பதினைந்து வரை கூடிக் குறைய அதற்கான சர்வதேசத் தரநிலையே இடம் கொடுக்கிறது. அதை வைத்து ஒருவருக்கு நோய் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அதுவும் காலையில் பால் தேநீர் குடித்துவிட்டு வேலைக்கு வந்தவரிடம். அடுத்தது அந்த மூன்று மாதம். எச்பிஏ1சி என்பது ஏறத்தாழ இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரி. அது மாறுவதற்கும் அவ்வளவு காலம் வேண்டும். பணம் கொடுத்து வாங்கியவர் பயத்தில் இனிப்பைக் குறைப்பார், கொஞ்சம் நடப்பார். இலக்கம் தானாக இறங்கும். பெருமை பொடிக்குப் போகும். இன்னும் மோசமானது ஒன்று உண்டு. ‘முழுவதும் இயற்கை’ என்று விற்ற பொடிகளில் கிளிபென்கிளமைட் என்னும் நீரிழிவு மருந்து இரகசியமாகக் கலந்திருந்தது வெவ்வேறு நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. நோயில்லாத உங்களைப் போன்றவர் அதை விழுங்கினால் சீனி அளவுக்கு மீறி இறங்கி, நடுப்பகலில் அலுவலகத்திலேயே மயங்கி விழலாம். பதிவுபெற்ற ஆயுர்வேத, சித்த வைத்தியர்களை நான் இங்கே குறை சொல்லவில்லை. அவர்கள் நாடி பிடித்து, கதை கேட்டு, பெயர் எழுதி மருந்து தருகிறார்கள். லேபலில் சேர்மானம் இல்லாத டப்பாவை அலுவலகம் அலுவலகமாகக் காவித் திரிவதில்லை.

இனி, உங்கள் கேள்வியில் நீங்களே கவனிக்காமல் எழுதிய முக்கியமான வரி: இரத்தப்போக்கும் இரும்புச்சத்தும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 6.1 என்ற உங்கள் இலக்கத்தை நான் அப்படியே நம்பத் தயாரில்லை. சிவப்பணுவுக்கு ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அந்த நாட்களில் இரத்தத்திலுள்ள சீனி அதில் ஒட்டிக்கொண்டே போகும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் எச்பிஏ1சி அளக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் புதிய அணுக்கள் மெதுவாகவே உருவாகும். ஓடுகிற இரத்தத்தில் வயதான அணுக்களின் பங்கு கூடும். வயதான அணுவில் ஒட்டிய சீனியும் அதிகம். ஆகவே சீனி கூடாமலே இலக்கம் கூடிக் காட்டலாம். தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களிடமும், அண்மையில் இரத்தம் இழந்தவர்களிடமும், இரத்தம் ஏற்றியவர்களிடமும் இது மறுபக்கமாக ஏமாற்றலாம். உண்மையில் கூடியிருக்கும், அறிக்கை குறைத்துக் காட்டும். மாதம் மாதம் இரத்தம் இழக்கும் பெண்ணிடம் எச்பிஏ1சியைச் செய்வதற்கு முன்பு இரத்தசோகை இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டும். பத்துச் சோதனை அடங்கிய ‘பக்கேஜ்’ விற்கிறவர் அதைக் கேட்க மாட்டார்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, முதலில் முழு இரத்த எண்ணிக்கைச் சோதனை. செலவு அதிகமில்லை. அதனோடு, உடலிலுள்ள இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டினையும் பார்க்க முடிந்தால் நல்லது. இரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சியை ஒதுக்கிவிட்டு, குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். வெறுவயிற்றில் ஒரு தடவை, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்து இன்னொரு தடவை இரத்தம் எடுப்பார்கள். இரண்டாவது இலக்கம் 140க்குக் கீழே என்றால் சாதாரணம், 140 முதல் 199 வரை முந்திய நிலை, 200 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணித்தியாலமாவது தண்ணீர் தவிர எதுவும் கூடாது. “ஒரு கோப்பை வெறுந்தேநீர்தானே, டொக்டர்” என்கிறார்கள். அதில் சீனி போட்டிருப்பார்கள். இரத்தப்போக்குக்கும் காரணம் தேட வேண்டும். அதற்குப் பெண்நோயியல் வைத்தியரைப் பாருங்கள்.

சோதனை எப்படி வந்தாலும் பழக்கத்தை மாற்ற வேண்டிய தேவை உங்களுக்கு இருக்கிறது: அம்மாவுக்கு நோய், உங்கள் நிறைக்கும் உயரத்துக்குமான பிஎம்ஐ ஏறக்குறைய 28. நம் போன்ற ஆசியர்களுக்கு 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவையும் நாடாவால் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. வயிற்றிலும் ஈரலிலும் சேரும் கொழுப்புத்தான் இன்சுலினின் பேச்சை உடல் கேட்காமல் செய்கிறது. அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வில் உடல் நிறையில் 7 வீதம் குறைப்பதையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காக வைத்தவர்களிடம் நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. மெட்போர்மின் என்னும் நீரிழிவுக் குளிசை எடுத்தவர்களிடம் 31 வீதம்தான். சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றத்தின் பலன் ஏறக்குறைய 28 வீதம். நம்மவர்களுக்குப் பலன் குறைவு என்று சொல்லலாம். பொடிக்கு இப்படிச் சொல்ல ஓர் இலக்கமும் இல்லை. உங்களுக்கு மூன்றரை முதல் நாலரைக் கிலோ குறைந்தால் போதும். பத்துக் கிலோ வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். சோற்றை விட்டுப் பாணுக்குப் போனதில் நீங்கள் சம்பாதித்தது ஒன்றுமில்லை. வெள்ளை மாப் பாண் சோற்றைவிட நல்லது என்று கொழும்பில் யார் பரப்பிவிட்டார்களோ தெரியவில்லை; வீட்டுக்கு வீடு நம்புகிறார்கள். கிறீம் கிறாக்கரும் அப்படித்தான், இனிக்கவில்லை என்பதால் மருந்துபோல் தின்கிறார்கள். அது மாவும் கொழுப்பும். குரக்கன் நல்லது, ஆனால் கடையில் வாங்கும் குரக்கன் பிட்டில் கோதுமை மாவும் கலந்திருக்கலாம். பனங்கட்டியும் கித்துள் பாணியும் இரத்தத்துக்குப் போனால் சீனிதான். சிவப்பரிசிச் சோற்றைச் சாப்பிடுங்கள், தட்டில் கால்வாசி மட்டும். இன்னொரு கால்வாசிக்கு மீன், முட்டை, பருப்பு, கௌபி என்று ஏதாவது ஒன்று. மிச்சப் பாதி மரக்கறியும் வல்லாரைச் சம்பலும். உருளைக்கிழங்கு மரக்கறிக் கணக்கில் சேராது. சோற்றுப் பார்சலைப் பிரித்ததும் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டுக் கறியிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் பெரிய இலாபம் தேநீரில் இருக்கிறது. நாளுக்கு நான்கு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 35 கிராம் சீனி போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் விரும்பும் அளவு நாளுக்கு 25 கிராம் வரைதான். 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் போடுகிறார்கள். தேநீர்க் கடைக் கோப்பையில் யாரும் நிறம் போடுவதில்லை.

நடப்பதற்குப் பூங்கா தேட வேண்டாம். மாலையில் கொச்சிக்கடையில் இறங்கி வீடுவரை நடங்கள். நடைபாதையில் வாகனம் நிறுத்தி வைத்திருப்பார்கள், பாதி இடத்தில் நடைபாதையே இருக்காது. மாநகரம் அதைச் சரிசெய்யும் என்று காத்திருந்தால் உங்களுக்கு 50 வயதாகிவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணித்தியாலம் நடப்பதும் நல்ல பலன் தரும். வேலை செய்யும் தசை இன்சுலினைப் பெரிதாக எதிர்பார்க்காமலே சீனியை இழுத்துக்கொள்ளும். நித்திரையையும் குறைக்காதீர்கள்.

அரச வைத்தியசாலைகளில் 2011 முதல் ‘ஹெல்தி லைப்ஸ்டைல்’ நிலையங்கள் நடத்துகிறார்கள். நிறை, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் திறந்திருக்கும் என்பது வேறு கதை. அரை நாள் லீவு போடுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு தடவை, பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை, ஒரே ஆய்வுகூடத்தில் பாருங்கள். இடையில் அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் நிறை குறைதல் என்று வந்தால் அந்த மூன்று மாதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பற்றுச்சீட்டு இருந்தால் படம் எடுத்து வையுங்கள். தர மறுத்தால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பொடி டப்பா ஏற்கனவே கைக்கு வந்திருந்தால், அதைத் திறக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.