கடலைக் கட்டியவர்கள்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நோட்டில் ஒரு கதை எழுதுகிறாள். தடுக்கப்பட்ட மந்திரத்தை ஒளிந்திருந்து கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணின் கதை. மந்திரத்தைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு ஞாபகம் அழிந்துபோகும். கடைசியில் உம்மாவின் முகமே மறந்துவிடுகிறது. இந்த வயதில் இத்தனை இருட்டு எதற்கு? இந்தக் கட்டுக்கதையால் என்ன பயன்?
வாசகி, கீழக்கரை

பதில்: கட்டுக்கதை என்ற சொல் கீழக்கரையிலிருந்து வந்ததில் எனக்குச் சந்தோஷம். உங்கள் கடலில் கட்டு என்பது ஒரு தொழிலாகவே இருந்தது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவருக்குக் கடல்கட்டி என்று பெயர். அவர் இல்லாமல் குளிக்கிறவர்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ கூலியைக்கூடக் குறித்துவைத்திருக்கிறார். எடுத்ததில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு. பகலில் போட்ட கட்டை ராத்திரி அவிழ்த்துவிடுவார்களாம். இருட்டில் யாரும் முத்துத் திருட இறங்கக் கூடாது என்பதற்காக!

எதிர்க்கரையில், இலங்கைப் பக்கம் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு இன்னும் அழகானது. ஒரு கடல்கட்டி முதல் படகில் போவார். இன்னொருவர் கரையில் ஓர் அறைக்குள் அடைந்துகொள்வார். படகுகள் திரும்பும்வரை அவரை யாரும் பார்க்க முடியாது. அவர் முன்னால் ஒரு பித்தளைப் பாத்திரம், நிறையத் தண்ணீர், அதற்குள் வெள்ளியில் செய்த ஆண் மீன் ஒன்று, பெண் மீன் ஒன்று. கடலில் சுறா யாரையாவது கடித்தால், பாத்திரத்தில் ஒரு மீன் மற்றதைக் கடிக்கும் என்று நம்பினார்கள்.

பயன் என்ன என்று கேட்கிறீர்கள். பிள்ளைகள் எழுத்தைப் பற்றி யார் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் எனக்குக் கோபம் வரும், இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். பத்து வயதுவரை நீதிக்கதை கொடுக்கிறோம். அப்புறம் நேராகப் பெரியவர்கள் நாவல். நடுவில் இருக்கிற பிள்ளைக்குத் தமிழில் என்ன வைத்திருக்கிறோம்? அவள் தானே எழுதிக்கொள்கிறாள்.

இருட்டு அவளுக்குக் கதையிலிருந்து வந்ததில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், பக்கத்து ஏர்வாடியில், மனநோயாளிகள் தங்கியிருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். அந்தக் கட்டை யாரும் ராத்திரி அவிழ்த்துவிடவில்லை. இந்தக் கரையில் வளர்கிற பிள்ளைக்கு இதெல்லாம் யாரோ பேசிக் காதில் விழத்தான் செய்யும்.

உங்களைக் கலக்கியது அந்த முகம் மறக்கிற இடம் என்று நினைக்கிறேன். எதை இழந்தால் தாங்க முடியாது என்று யோசித்து யோசித்து, கடைசி விலையாக உங்கள் முகத்தை வைத்திருக்கிறாள். அதைவிடப் பெரிதாக அவளிடம் ஒன்றும் இல்லை. அந்த நாயகி வேறு யாரையும் விலை கொடுக்க வைக்காததும் எனக்குப் பிடித்திருக்கிறது. நிஜக் கடலில் மந்திரம் சொன்னவர் ஒருவர், சுறாவிடம் போனவர் இன்னொருவர்.

ஒரே ஒரு குறை. அவள் கதையில் கட்டு இருக்கிறது, விலை இருக்கிறது, அவிழ்க்கிறவரைக் காணோம். சங்கு குளிக்கிறவர் இடுப்புக் கயிற்றை மேலே மனைவியின் தம்பிதான் பிடிக்க வேண்டும் என்று உங்கள் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். அக்கா தாலியை நினைத்தாவது கையை விட மாட்டான். அவள் நாயகிக்குக் கயிறு பிடிக்க யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வெள்ளி மீன்களைப் பற்றியும் சொல்லுங்கள். முடித்ததும் நோட்டை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், முழுக்கப் படிக்கிறேன்.