கோப்பையும் மளிகையும்

அன்புள்ள ஐயாவுக்கு,

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் மார்வின் ஹேக்ளர் பற்றிச் சென்ற மாதம் தாங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். சுகர் ரே லெனார்டிடம் தோற்றபின் அவர் மறுபடி மேடை ஏறாததே அவருடைய ஆகப் பெரிய வெற்றி என்று முடித்திருந்தீர்கள். அதை என் தம்பிக்கும் அவனுடைய வாத்தியாருக்கும் படித்துக் காட்டினேன். வாத்தியார் கோபித்துக்கொண்டார். "தோற்றவன் திரும்பி வந்து அடிக்க வேண்டும். வராதவனுக்கு என்ன பெயர் என்று உங்கள் எழுத்தாளரிடம் கேள்" என்றார். மூன்று தலைமுறையாகக் குத்துச்சண்டை பழகும் குடும்பம் அவருடையது.

தம்பிக்கு 22 வயது. 75 கிலோ பிரிவில் மாநில அளவில் பதக்கங்கள் வாங்கியிருக்கிறான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு முயற்சி செய்யச் சொல்கிறார் அப்பா. பந்தயம் ஏற்பாடு செய்யும் வெளியூர் புரமோட்டர் ஒருவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தோடு வந்து, பணத்துக்காக ஆடும் தொழில்முறைக்கு மாறச் சொல்கிறார். தம்பி ஹேக்ளர் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்ல வேண்டும்?

ர.,
ராயபுரம், சென்னை

அன்புள்ள ர.,

வாத்தியாருக்குக் கோபம் வந்தது நியாயம். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெயரால் வடசென்னையில் பந்தயம் நடந்த காலத்தின் சூடு இன்னும் ஆறாத வீட்டிலிருந்து வருகிறவர் அவர். அங்கே ஒருவன் விழுந்தால் அவனோடு தெருவே விழும். அந்த மண்ணில் நின்று பார்த்தால், தோற்றுவிட்டுத் திரும்பி வராத ஒருவனை நான் புகழ்ந்தது அவருக்குக் கசக்கத்தான் செய்யும். ஹேக்ளரின் கதையை முழுதாகச் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னது என் தவறு. இப்போது சொல்கிறேன். பொறுமையாக அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஹேக்ளர் 1954-ல் நெவார்க் நகரத்தில் பிறந்தார். 1967-ல் அங்கே பெரும் கலவரம் நடந்தது. அதற்குப் பிறகு குடும்பம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பிராக்டன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கூடி பெட்ரோனெல்லி, பேட் பெட்ரோனெல்லி என்று இரண்டு சகோதரர்கள் ஒரு பயிற்சிக்கூடம் வைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கட்டுமானத் தொழிலும் இருந்தது. பகலில் அவர்களிடம் கட்டட வேலை, மாலையில் அவர்களிடமே குத்துச்சண்டை. அப்படி வளர்ந்தவர்தான் 1973-ல் அமெரிக்காவின் தேசிய அமெச்சூர் பட்டத்தை வென்றார். அடுத்த ஒலிம்பிக்ஸுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அவர் காத்திருக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் தொழில்முறை மேடை ஏறிவிட்டார். முதல் பந்தயத்துக்கு அவர் வாங்கியது 50 டாலர். கோப்பையைக் கடையில் கொடுத்து மளிகைச் சாமான் வாங்க முடியாது என்ற பொருளில் பின்னாளில் அதற்குக் காரணம் சொன்னார்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் தம்பியின் கோப்பைகள் இருக்கும். அம்மா அவற்றைத் துடைத்து வைப்பார்கள். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி வாத்தியாருக்கான பதில். ஹேக்ளரும் தோற்று, திரும்பி வந்து அடித்தவர்தான். 1976-ன் தொடக்கத்தில் பிலடெல்பியாவுக்குப் போய், அந்த ஊர்க்காரர்களான பாபி வாட்ஸிடமும் வில்லி மன்ரோவிடமும் இரண்டே மாதங்களுக்குள் தோற்றார். வாட்ஸுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை அன்று பலர் ஏற்கவில்லை. ஹேக்ளர் அதைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அதே ஊருக்குத் திரும்பிப் போனார். மன்ரோவை 1977-ல் இரண்டு முறை வீழ்த்தினார். வாட்ஸை 1980-ல் இரண்டே ரவுண்டில் முடித்தார். வாத்தியார் கேட்கிற ரோஷம் இதுதானே? அது ஹேக்ளரிடம் குறைவில்லாமல் இருந்தது.

அவ்வளவு இருந்தும் அவருடைய எடைப் பிரிவான மிடில்வெயிட்டில் உலகப் பட்டத்துக்கான பந்தயம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. முன்னாள் ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஜோ பிரேசியர் அவரிடம் ஒருமுறை சொன்னாராம்: உன்மேல் மூன்று குற்றங்கள் இருக்கின்றன, நீ கறுப்பன், இடக்கை ஆட்டக்காரன், அதோடு நன்றாகவும் ஆடுகிறாய் என்று. மூன்றாவதுதான் உண்மையான குற்றம் என்று நினைக்கிறேன். தோற்க நேரிடும் என்று தெரிந்தால் எந்தச் சாம்பியனின் மேலாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்? அமெச்சூரில் அட்டவணை உங்களை எதிராளியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். வென்றுகொண்டே போனால் இறுதிப் பந்தயம் வந்தே தீரும். தொழில்முறையில் அப்படி எந்த விதியும் இல்லை. இரு தரப்பும் சம்மதித்தால்தான் பந்தயம்.

சம்மதம் கிடைக்க ஆறரை ஆண்டுகள் ஆயின. 1979 நவம்பர் 30 அன்று லாஸ் வேகாஸில் அன்றைய சாம்பியன் வீட்டோ ஆன்டுவோஃபெர்மோவோடு மோதியது ஹேக்ளரின் 50-வது தொழில்முறைப் பந்தயம். கூலி 40,000 டாலர். அதே இரவில், அதே இடத்தில், சுகர் ரே லெனார்டும் தன் முதல் உலகப் பட்டத்துக்காக ஆடினார். அவர் 1976 ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கிய பிறகு, 1977-ல்தான் தொழிலுக்கு வந்தவர். அவருக்குப் பத்து லட்சம் டாலர். அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. லெனார்ட் பெரிய ஆட்டக்காரர், வாங்கிய காசுக்குத் தகுதியானவர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ஒரு தங்கப் பதக்கமும் தொலைக்காட்சிக்கு ஏற்ற சிரிப்பும் இல்லாததற்கு ஒருவர் கொடுக்கிற விலை இவ்வளவா? லெனார்ட் அன்று சாம்பியன் ஆனார். ஹேக்ளரின் 15 ரவுண்டுகள் சமன் என்று அறிவிக்கப்பட்டன. சமன் என்றால் பட்டம் பழையவரிடமே இருக்கும்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 27 அன்று லண்டன் வெம்ப்ளியில், அதற்குள் பட்டத்தைக் கைப்பற்றியிருந்த பிரிட்டன்காரர் ஆலன் மின்டரை மூன்றாவது ரவுண்டில் மேலும் ஆட முடியாதபடி நிறுத்திப் பட்டத்தை வென்றார். மின்டரின் முகம் கிழிந்திருந்தது. பார்வையாளர்கள் மேடையை நோக்கிப் பாட்டில்களை வீசினார்கள். உலக சாம்பியனான அந்த நிமிடத்தில் ஹேக்ளர் மேடைத் தரையில் குனிந்திருந்தார். பெட்ரோனெல்லி சகோதரர்களும் மற்றவர்களும் மேலே கவிழ்ந்து அவரை மறைத்துக்கொண்டார்கள். பெல்ட் இடுப்பில் ஏறவில்லை. போலீஸ் காவலோடு உள்ளே அழைத்துப் போனார்கள்.

அதன்பின் ஆறரை ஆண்டுகள் அவரை அசைக்க ஆளில்லை. 12 முறை பட்டத்தைக் காத்தார். அதில் முழு ரவுண்டுகளும் தாக்குப்பிடித்தவர் ரோபெர்ட்டோ டுரான் ஒருவர்தான். 1985 ஏப்ரலில் தாமஸ் ஹெர்ன்ஸோடு நடந்தது மொத்தமே எட்டு நிமிடம். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்குகிறது, மூன்றாவது ரவுண்டில் நடுவர் பந்தயத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுகிறார். மருத்துவர் ஆடலாம் என்கிறார். இனியொரு முறை நிறுத்தினால் எல்லாம் போய்விடும் என்று ஹேக்ளருக்குத் தெரியும். அடுத்த சில நொடிகளில் அவர் ஹெர்ன்ஸைத் துரத்தி அடித்த விதத்தை உங்கள் தம்பி நூறு முறை பார்த்திருப்பார். நானும் பார்த்திருக்கிறேன். முழுக்க முழுக்க, புள்ளி போடும் நீதிபதிகளிடமிருந்து தப்பி ஓடுகிறவனின் வேகம் அது.

1987 ஏப்ரல் 6. கண்ணின் விழித்திரை பழுதானதால் ஓய்வு அறிவித்து, ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு பந்தயம் ஆடியிருந்த லெனார்ட் வருகிறார். 15 ரவுண்டு வேண்டாம், 12 போதும் என்கிறார். பெரிய மேடை வேண்டும், கனமான கையுறை வேண்டும் என்கிறார். பணம் கூடுதல் என்பதால் ஹேக்ளர் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். போதாததற்குத் தொடக்க ரவுண்டுகளில் தன் இயல்பான இடக்கை நிலையை விட்டு வலக்கைக்காரர்போல நின்று ஆடி, அவற்றைத் தாரை வார்த்தார். ஆகவே அந்தத் தோல்வியில் அவருக்கும் பங்கு உண்டு. புள்ளிக் கணக்கில் ஒரு நீதிபதி ஹேக்ளருக்கு 115-113, இன்னொருவர் லெனார்டுக்கு 115-113 என்று போட்டார்கள். இரண்டையும் ஏற்பேன். மூன்றாமவர் லெனார்டுக்கு 118-110 என்று எழுதினார். அதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

வாத்தியார் கேட்ட கேள்வி இங்கேதான் வருகிறது. மறுபந்தயத்துக்காக ஹேக்ளர் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார். லெனார்டோ மறுமாதமே ஓய்வு என்று அறிவித்துவிட்டார். 1988-ல் ஹேக்ளர் விலகினார். இத்தாலிக்குப் போய் மிலானில் குடியேறி, சினிமாவில் நடித்தார். பிற்பாடு லெனார்ட் தரப்பிலிருந்து பெரும் தொகையோடு மறுபந்தய அழைப்பு வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். வாட்ஸிடம் தோற்றபோது அவருக்கு வயது 21. திரும்பிப் போய்க் கணக்குத் தீர்க்க உடம்பில் பத்து ஆண்டுகள் மிச்சம் இருந்தன. லெனார்டிடம் தோற்றபோது வயது 32. 67 பந்தயங்கள் அந்த உடம்பில் இறங்கியிருந்தன. இரண்டு தோல்விகளிலும் மானம் ஒன்றுதான், உடம்பு ஒன்றில்லை. டுரான் 2001 வரை ஆடினார். ஹெர்ன்ஸ் 2006 வரை. லெனார்டும் 1997-ல் நாற்பது வயதில் திரும்பி வந்து ஐந்தாவது ரவுண்டில் நிறுத்தப்பட்டார். அந்த நால்வரில் போனவர் போனவராகவே இருந்தது ஹேக்ளர் ஒருவர்தான். 2021 மார்ச்சில் இறந்தார்.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் பந்தயம் ஆடினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். ஊரே அலியைப் பார்த்தது. அவரோடு ஆடியவர் பெயரை அப்பாவும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர் ஜிம்மி எல்லிஸ். அலியின் ஊரான லூயிவில்லைச் சேர்ந்தவர். மிடில்வெயிட்டாகத் தொழிலைத் தொடங்கியவர். அந்த எடையில் வழி திறக்காமல் ஹெவிவெயிட்டுக்குப் போய், 1968-ல் உலகப் பட்டங்களில் ஒன்றையும் வென்றவர். 1975-ல் பயிற்சியில் பட்ட அடியால் இடது கண்ணின் பார்வை கெட்டு விலகினார். அதாவது நான் பார்த்த அன்று அந்த மனிதருக்கு ஒரு கண் சரியாகத் தெரியாது. பிற்காலத்தில் குத்துச்சண்டைக்காரர்களுக்கு வரும் மறதி நோயோடு நெடுநாள் வாழ்ந்து 2014-ல் இறந்தார். இதையெல்லாம் முப்பது நாற்பது வருடம் கழித்துப் படித்தபோது, அன்று தோளில் உட்கார்ந்து கைதட்டிய சிறுவனை நினைத்து அழுதேன்.

உங்கள் தம்பி விஷயத்தில் அப்பா பக்கம்தான் நான். ரயில்வே வேலைக்கு முயற்சி செய்யட்டும். அமெச்சூரில் இன்னும் சில ஆண்டுகள் ஆடட்டும். விஜேந்தர் சிங்கைப் பாருங்கள். 2008 பெய்ஜிங்கில் இதே 75 கிலோவில் வெண்கலம் வாங்கியவர், நாடறிந்த முகம், பிரிட்டன் புரமோட்டர் பின்னால் இருந்தார். 2015 அக்டோபரில் மான்செஸ்டரில் தொடங்கி 2021 மார்ச்சில் கோவாவில் முதல் தோல்வி வரை அவர் ஆடியது 13 பந்தயங்கள். ஏறக்குறைய அதே கால அளவில் ஹேக்ளர் 50 ஆடியிருந்தார். நம் நாட்டில் அந்தச் சந்தை அவ்வளவு மெலிது. ஒலிம்பிக்ஸ் பதக்கக்காரருக்கே இப்படி என்றால், ராயபுரத்துப் பையனுக்கு ஆண்டுக்கு எத்தனை பந்தயம் என்று அந்தப் புரமோட்டர் எழுதித் தருவாரா? எதிராளியை யார் தேர்ந்தெடுப்பது, மூளை ஸ்கேனுக்கும் கண் பரிசோதனைக்கும் யார் செலவழிப்பது, பந்தயமே தராவிட்டால் தம்பி விலக முடியுமா? இவையெல்லாம் தாளில் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டு என்பது 22 வயதுக்காரரின் உடம்பில் பாதி ஆட்ட ஆயுள்.

இன்னொன்று எடை. தொழில்முறை மிடில்வெயிட்டின் உச்ச வரம்பு 160 பவுண்டு, அதாவது 72.57 கிலோ. 75-ல் ஆடுகிறவர் இரண்டரை கிலோ இறக்க வேண்டும். சித்திரை வெயிலில் உடம்பைப் பிளாஸ்டிக் உறையால் சுற்றிக்கொண்டு மெரினாவில் ஓடுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். இறங்குவது தண்ணீர். தண்ணீர் வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது எவ்வளவு ஆபத்து என்று வாத்தியாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. தம்பிக்கு அவர் சொல்ல வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தில் வாத்தியாருக்கு இடம் இருக்கிறதா? மேடை மூலையில் யார் நிற்பார் என்று எழுதியிருக்கிறதா? ஹேக்ளர் 50 டாலர் பந்தயத்திலிருந்து கோடிக்கணக்கான டாலர் பந்தயம் வரை பெட்ரோனெல்லி சகோதரர்களை விட்டுப் போகவே இல்லை. வெம்ப்ளியில் பாட்டில்கள் பறந்தபோது மேலே கவிழ்ந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். வாத்தியாரை வெளியே நிறுத்திவிட்டுத் தம்பியை மட்டும் கேட்கிற தாளாக இருந்தால், அதில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ராயபுரம் வரலாம் என்றிருக்கிறேன். தம்பியின் பயிற்சியைப் பார்க்க வாத்தியார் அனுமதிப்பாரா என்று கேட்டு எழுதுங்கள். 118-110 பற்றி அவரிடமும் பேச வேண்டும்.