மகள் ஆராய்ச்சிக்குப் போகட்டும், ஐயா

ஐயா,

சனிக்கிழமை மகளுடன் வந்திருந்தபோது நீங்கள் அதிகம் கேட்டது சம்பளத்தைப் பற்றித்தான். நியாயமான கவலை, அதை முதலில் முடித்துவிடுகிறேன். அறிவியல் ஆராய்ச்சிக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட்டில் ஜே.ஆர்.எஃப். (முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுக்கான நிதியுதவி) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும் உதவித்தொகை உண்டு. வீட்டு வாடகைப்படி தனி. படிப்புச் செலவுக்கு அவர் உங்களை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

என் கவலை வேறு. இளநிலையில் செய்த புராஜெக்ட் என்னவென்று கேட்டபோது, உங்கள் மகள் குனிந்த தலை நிமிராமல் தலைப்பை மட்டும் ஒப்பித்தார். நீங்கள் போன் பேச வெளியே போனதும், மதிப்பெண் பட்டியல் இருந்த உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் படம் போட்டு, காட்மியம் சல்ஃபைடு படலத்தில் ஒளி பட்டால் மின்தடை ஏன் குறைகிறது என்று பத்து நிமிடம் விளக்கினார். எனக்கே புரிந்தது! விஷயம் அவரிடம் இருக்கிறது. வாய் திறக்கத்தான் தயக்கம்.

1928-இல் ஜெர்மன் இயற்பியலர் சோமர்ஃபெல்டு சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். அங்கே படித்துக்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய், அவருடைய நூலைப் படித்திருப்பதாகச் சொன்னார். அந்த நூலுக்குப் பிறகு இயற்பியல் வெகுவாக மாறிவிட்டது என்று சொல்லி, தம் புதிய கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்தார் சோமர்ஃபெல்டு. அதைப் படித்துவிட்டுத் தாமே ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலர் ஃபௌலருக்கு அனுப்பினார் மாணவர். அடுத்த ஆண்டே அது ராயல் சொசைட்டி இதழில் வந்தது. 1930-இல் அதே ஃபௌலரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். 1983-இல் நோபல் பரிசு பெற்றார். எல்லோருக்கும் நோபல் கிடைக்காது. ஆனால் போய்ப் பார்ப்பதும் எழுதிக் கேட்பதும் உங்கள் மகளாலும் முடியும்.

மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிக்கு அவர் விண்ணப்பிக்கட்டும். இரண்டு மாதம் உண்மையான ஆய்வகத்தில் இருந்தால், இந்த வாழ்க்கை தமக்கு ஒத்துவருமா என்று அவருக்கே தெரிந்துவிடும். விஞ்ஞானிகளுக்கு நேரடியாகவும் எழுதலாம். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒருவருடைய ஒரு கட்டுரையை ஊன்றிப் படித்து, அதில் எழுந்த ஒரு கேள்வியை எழுதட்டும்.

முனைவர் பட்டத்துக்கு எந்த நிறுவனம் பெரியது என்று கேட்டீர்கள். நான் முதலில் பார்ப்பது ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரை. பெயர் பெற்ற இடத்தில் சேர்ந்தும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே பேசும் வழிகாட்டியிடம் ஆண்டுகளைத் தொலைத்த பிள்ளையைக் கண்ணால் பார்த்தவன் நான். சேரும் முன் அங்குள்ள மாணவர்களிடம் தனியாக விசாரிக்க வேண்டும்: வாரம் எத்தனை முறை சந்திக்கிறார், மாநாட்டுக்கு அனுப்புகிறாரா, பட்டம் முடிக்க எத்தனை ஆண்டு ஆகிறது?

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இரவுச் சாப்பாட்டின்போது அன்று படித்ததை ஐந்து நிமிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் "ஏன்?" என்று கேளுங்கள். நடுவில் சம்பளப் பேச்சு வேண்டாம்.

முதல் கடிதத்தை எழுதியதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். திருத்தித் தருகிறேன்.