மரத்தை எண்ணுவதும் ஒரு படிப்புதான்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூவில் உயிரியல் படிக்கும் தங்கள் மகள், காடுகளில் சேர்ந்திருக்கும் கரிமத்தையும் (கார்பன்) மரவகைகளையும் வரைபடமாக்கும் துறைக்குச் செல்ல விரும்புகிறாள் என்றும், "செயற்கைக்கோள் செய்துவிடும் வேலைக்கு இவள் எதற்கு" என்று உறவினர்கள் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்; ஆனால் செயற்கைக்கோள் எதுவும் மரத்தை எடை போடுவதில்லை.

2018 இறுதியில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட நாசாவின் ஜெடி (GEDI) லேசர் கருவி காட்டின் உயரத்தையும் அடுக்கமைப்பையும் அளக்கிறது. 2025-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் பயோமாஸ் செயற்கைக்கோள் ரேடார் அலைகளைத் திரும்பப் பெறுகிறது. அவற்றைக் கரிமக் கணக்காக மாற்றத் தரையில் அளந்த மரங்கள் வேண்டும். முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988-இல் அமைத்த 50 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பில், 1 செ.மீ. விட்டமுள்ள தண்டு முதற்கொண்டு ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, இனத்தைக் குறித்து, மார்பளவு உயரமான 1.3 மீட்டரில் அளந்து வருகிறார்கள். விட்டம், உயரம், கட்டையின் அடர்த்தி ஆகியவற்றிலிருந்து உலர் எடையைக் கணிக்கிறார்கள். அதில் ஏறத்தாழப் பாதி கரிமம். ஒரே பருமனும் உயரமும் உள்ள இலவ மரத்தைக் காட்டிலும் வேங்கையில் ஏறத்தாழ இரு மடங்கு கரிமம் இருக்கும் என்பதால், மரத்தின் பெயர் தவறானால் கணக்கும் தவறாகிவிடும்.

எனவே தாவரவியலையும் புள்ளியியலையும் சேர்த்துக் கற்பவருக்கே இங்கு மதிப்பு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நான்காண்டு வனவியல் பட்டப்படிப்பு உள்ளது; அதற்கு நீட் தேவையில்லை. பின்னர் செயற்கைக்கோள் தரவுகளைக் கையாளும் தொலையுணர்வும், கணினி நிரலெழுதுவதும் பழகினால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களின் ஆய்வுத் திட்டங்களுக்கு முயலலாம். அதே பட்டத்துடன் இந்திய வனப்பணித் தேர்வையும் எழுதலாம். போட்டி கடுமையானது, அதை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள். ஆய்வுப் பணிகளில் பெரும்பாலானவை தொடக்கத்தில் திட்டக்காலம் வரையிலான ஒப்பந்த வேலைகளே என்பதையும், அட்டைக்கடிக்கும் யானை நடமாட்டத்துக்கும் இடையில் பல வாரங்கள் தங்க நேரும் என்பதையும் அவளிடம் மறைக்க வேண்டாம்.

விண்ணப்பிப்பதற்கு முன், ஊரைச் சுற்றியுள்ள ஐம்பது மரங்களை இலை உதிர்ந்த நிலையிலும் பட்டையைப் பார்த்தே இனங்காணப் பழகச் சொல்லுங்கள். இருபதாவது மரத்திலேயே சலிப்புத் தட்டினால், சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன்பே அது தெரிந்துவிடும்.